வீட்டு உரிமையாளர் தனகோடி

திருக்கழுக்குன்றம்
8-12-2024

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு நைனா எழுதுவது.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரி ஏறி இறங்கிப் போகிறது. 'ழ' போடும்போது கை எங்கேயோ போய்விடுகிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. அழித்த இடத்தில் காகிதம் கிழிந்திருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் இது முழுக்க நான் எழுதியது. பிரதீபா டீச்சர் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

நவம்பரில் எங்கள் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்குப் பரீட்சை வைத்தார்கள். பஞ்சாயத்துப் பள்ளியில் பதினான்கு பெண்கள், நடுவில் நான் ஒருவன். பின்னால் இருந்த அமிர்தவல்லி என் காதருகே குனிந்து, "தனகோடி அண்ணே, உன் பேப்பர கொஞ்சம் சாய்ச்சுக் காட்டு, புண்ணியமா போவும்" என்றாள். எனக்குக் கேட்க வேண்டுமென்று அவள் கத்தியதில் டீச்சருக்கே கேட்டுவிட்டது. எழுபத்தொரு வயதில் என் பேப்பரைப் பார்த்து எழுத ஒரு ஆள்! இரண்டு பேரும் பாஸ்.

நீ போன் செய்தால் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது. நாற்பது வருஷம் ரைஸ் மில்லில் நின்ற காது. உன் அண்ணன் லட்சுமணன் நடுவில் நின்று நீ சொல்வதை என்னிடம் கத்துகிறான். நான் சொல்வதை உன்னிடம் பாதியாக்கிச் சொல்கிறான். இனி நடுவில் ஆள் வேண்டாம். நீயும் கடிதம் போடு.

இன்னொரு சந்தோஷம். புயல் மழை விட்ட மூன்றாம் நாள் என் பெயருக்கு ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தபால்காரர் உறையைப் பார்த்து, "இன்னா பெருசு, இன்கம் டேக்ஸ் ஆபீஸ்லேர்ந்து வந்துகீது. மலை மேல எதுனா பங்களா கட்டிட்டியா?" என்றார். உள்ளே இங்கிலீஷ். எழுத்து தெரியாது, எண் தெரியும். மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்று போட்டிருக்கிறது. மூட்டை எண்ணியவன் எண்ணில் தவற மாட்டேன்.

எந்தப் பணம் என்று யோசித்தேன். நாவலூரில் உன் வீட்டு வாடகை மாதம் முப்பதாயிரம். பன்னிரண்டு மாதத்துக்குச் சரியாக வருகிறது. அப்போதுதான் பழசு ஒன்று நினைவுக்கு வந்தது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

நீ ஜெர்மனி போன மறு வருஷம், மாசி மாதம், உன் வீட்டில் குடியிருக்கும் ஆதித்யா என்னை வரச் சொன்னான். திருப்போரூர் போய் அடுத்த பஸ் பிடித்துப் போனேன். மேஜை மேல் பன்னிரண்டு வாடகை ரசீது. ஒவ்வொன்றிலும் ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப். "ஐயா, கம்பெனில ரசீது கேக்கறாங்க. அக்கா வெளிநாட்டுல இருக்காங்க. அவங்க பேர்ல போட்டா வாடகைல முப்பது பர்சன்ட் நான் புடிச்சு கவர்மென்ட்டுக்குக் கட்டணும். எனக்கு அலைச்சல், அக்காவுக்கும் கை நஷ்டம். நீங்க ஓனர்னு கையெழுத்துப் போட்டுட்டா யாருக்கும் தொல்லை இல்ல. உங்க பான் கார்டு ஜெராக்ஸ் மட்டும் குடுங்க" என்றான். உனக்கு நஷ்டம் என்றதும் சரி என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், அது மட்டும் காரணம் இல்லை. அப்போது நான் என் பெயரை எழுதக் கற்று ஒரு மாதம்தான். கையெழுத்துக் கேட்டு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டு தடவை! ஸ்டாம்ப் சின்னது, என் பெயர் அதில் அடங்கவில்லை. 'டி' வெளியே போய் விழுந்தது. பத்து மணிக்கு உட்கார்ந்தவன் ஒரு மணிக்கு எழுந்தேன். ஆதித்யாவின் மனைவி அனு இரண்டு தடவை காபி கொடுத்தாள். "அழகா போடறீங்க ஐயா" என்றாள்.

இதில் தப்பு ஏதாவது உண்டா? பதில் போடு.

உன் நைனா
தனகோடி


மியூனிக்
20-12-2024

நைனா,

உங்கள் முதல் பக்கத்தைப் படித்தபோது அழுகை வந்தது. இரண்டாம் பக்கத்தில் அழுகை நின்றுவிட்டது. உங்கள் எழுத்தைப் பற்றி நிறைய எழுத ஆசை. இப்போது முடியவில்லை.

கோபத்தோடு எழுதக் கூடாது என்று ஒரு நாள் விட்டு எழுதுகிறேன். அப்படியும் போகவில்லை. ஓனர் என்று எப்படிப் போடலாம்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஆதித்யா படித்தவன். வாடகை என் வங்கிக் கணக்குக்கு வருகிறது, பிடிக்க வேண்டியதைப் பிடிக்க வேண்டியவன் அவன். தன் வேலை மிச்சம் என்று உங்களைப் பிடித்துக்கொண்டான். நீங்கள் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அண்ணனுக்கு இது தெரியுமா? தெரியாது என்றால் தெரியவே வேண்டாம். வல்லிபுரத்து நிலத்தை விற்று நீங்கள் கொடுத்த ஆறு லட்சத்தில்தான் நான் வீட்டுக்கு முன்பணம் கட்டினேன், அதனால் வீட்டில் பாதி தனக்கு என்று அவர் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்? அந்த வீட்டுக்கு உரிமையாளர் தனகோடி என்று நீங்களே கையெழுத்துப் போட்ட காகிதம் அவர் கையில் கிடைத்தால் என் கதி என்ன? மீதிக் கடனை இன்னும் பதினொரு வருஷம் நான்தான் கட்டப் போகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். யாராவது சொல்லித்தான் போட்டீர்களா?

அந்தத் தபாலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். போட்டோ எடுக்க நல்ல போன் அண்ணனிடம்தான் இருக்கிறது. டீச்சரிடம் காட்டவும் வேண்டாம். ஆகவே நீங்களே பார்த்து எழுதி அனுப்புங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே வரையுங்கள். ஒரு புள்ளி விடக் கூடாது.

உங்கள் மாப்பிள்ளை கார்த்தியும் பேத்தியும் சுகம். குளிர் அதிகம்.

செல்வி


திருக்கழுக்குன்றம்
2-1-2025

அன்பு மகளுக்கு,

நீ கேட்டபடி வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று நாள் ஆயிற்று. எது எழுத்து, எது அழுக்கு என்று தெரியாத இடத்தில் அழுக்கையும் சேர்த்து வரைந்திருக்கிறேன். நீ பார்த்துப் பிரித்துக்கொள்.

உன் கேள்விக்குப் பதில். யாரும் சொல்லிப் போடவில்லை. அந்தக் கேள்வியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. உன்னைப் போல் வேகமாகப் படிக்கிறவர்கள் ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாக மிதித்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

நீ சொன்னபடி மறைத்து வைக்க எனக்குத் தெரியவில்லை. மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். அண்ணி அம்சா வந்தாள். "இன்னா மாமா, வயசான காலத்துல இங்கிலீசு லவ் லெட்டரா?" என்று கையிலிருந்து பிடுங்கினாள். சாயங்காலம் லட்சுமணன் கையில் இருந்தது.

அவன் படித்துவிட்டுச் சத்தம் போடுவான் என்று நினைத்தேன். சிரித்தான். "நைனா, கவர்மென்டே உன்ன ஓனர்னு சொல்லுது. நீ இன்னாத்துக்குப் பயந்துகினு கீற?" என்றான். மறுநாளே லோடு வண்டியில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போனான். அங்கே வரி கணக்கு எழுதும் வரதன் என்று ஒருவர். தபாலைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, உங்க வயசுக்குக் கழிவு போனா இதுக்கு ஒரு ரூபா வரி கெடையாது. வாடகை என்னுதுதான்னு ஒரு ரிட்டர்ன் போட்டு வுட்டா கதை முடிஞ்சுது" என்றார்.

எனக்கு அப்போது உயிர் வந்தது. வரி இல்லை, தண்டனை இல்லை. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். குடிக்கும்போதே லட்சுமணன் சொன்னான்: "ரிட்டர்ன் போட்டுட்டா அது கவர்மென்ட் ரெக்கார்டு நைனா. அப்பறம் அவ வந்து வூடு என்னுதுன்னு எப்புடி சொல்லுவா?" மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டேன்.

அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதே. லோடு வண்டியின் டயர் இரண்டும் வழுக்கை. எனக்குக் காது மிஷின் வாங்க மூன்று தடவை பணம் சேர்த்து மூன்று தடவையும் வண்டிக்குச் செலவழித்தான். வேளைக்குச் சோறு போடுகிறவன் அவன். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. என்ன செய்யட்டும், சொல்.

நைனா


மியூனிக்
14-1-2025

அன்புள்ள நைனாவுக்கு,

இன்று பொங்கல். குக்கரில் வைத்தேன். பொங்கி வழிய விடவில்லை, அடுப்பு கெட்டுப்போகும்.

நீங்கள் வரைந்ததை முழுக்கப் படிக்க முடிந்தது. அதில் இருப்பது இவ்வளவுதான். உங்களுக்கு வாடகை கொடுத்ததாகக் காட்டி ஆதித்யா தன் வரியைக் குறைத்துக்கொண்டிருக்கிறான். வாங்கிய நீங்கள் ஏன் கணக்குக் காட்டவில்லை என்று கேட்கிறார்கள். ஜெயில் என்று அதில் எங்கும் இல்லை. பயப்பட வேண்டாம்.

போன தடவை கேட்ட கேள்விக்கு வெட்கப்படுகிறேன். அதைவிட வெட்கப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்களைத் திட்டினேனே, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் தெரியுமா? இங்கே வந்த பிறகு ஊரில் ஒரு வருஷமும் வரிக் கணக்கு கொடுக்கவில்லை. சம்பளம் இங்கேதானே, அங்கே எதற்கு என்று விட்டுவிட்டேன். வாடகை வருகிற அன்றே வங்கித் தவணைக்குப் போய்விடுகிறது. கையில் ஒரு நாள்கூட நிற்காத பணத்தை வருமானம் என்று நினைக்கத் தோன்றவில்லை.

இங்கேயும் ஒரு படிவம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வாடகை வருகிறதா என்று ஒரு கட்டம். இல்லை என்று டிக் போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று எழுத ஆசை. கொஞ்சம் தெரிந்துதான் போட்டேன். ஆமாம் என்றால் எத்தனை காகிதம் கேட்பார்களோ என்ற அலுப்பு. இரண்டு வருஷமும் அப்படியே போட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததும் இங்கே ஓர் ஆலோசகரிடம் போனேன். அப்போதே காட்டியிருந்தால் கட்ட வேண்டியது மிகக் கொஞ்சமாக இருந்திருக்கும், ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம் என்றார். காட்டாமல் விட்டதுதான் தப்பு. இரண்டு நாடுகளும் ஒன்றுக்கொன்று தகவல் கொடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். மார்ச்சில் நாங்கள் இங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க வேண்டும். வரியில் மறைத்தவள் என்று என் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். இப்போது கதவு மணி அடித்தால்கூட நான் போய்த் திறப்பதில்லை. தபால் பெட்டியைத் திறக்கக் கார்த்தியை அனுப்புகிறேன்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே நான் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த ஆறு லட்சத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். யோசிக்கிறேன். யோசித்து எழுதுகிறேன்.

செல்வி


திருக்கழுக்குன்றம்
27-1-2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. குக்கரில் பொங்கலா என்று அம்சாவிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கடிதத்தைக் கேட்பாள் என்று விழுங்கிவிட்டேன். படித்ததும் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். குளிக்கும்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நீ பயந்திருக்கிறாய். நானும்தான். பொங்கல் கழிந்து இரண்டாவது தபால் வந்துவிட்டது. அதில் 10-02-2025 என்று தேதி இருக்கிறது. பத்தாயிரம் என்று ஒரு தொகையும் இருக்கிறது. தேதிக்குள் பதில் இல்லை என்றால் அந்தப் பத்தாயிரம் அபராதம் என்று வரதன் சொன்னார். தபால்காரர் இந்தத் தடவை கேலி பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாகப் போயிற்று.

மறுநாள் ஆதித்யா மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்தான். ஒரு கிலோ மைசூர்பாகு. "ஐயா, எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கு. வாடகை உங்களுதுன்னு சொல்லிடுங்க. உண்மையச் சொன்னீங்கன்னா முப்பது பர்சன்ட்டும் வட்டியும் என் தலையில விழும். பொய் ரசீது குடுத்தான்னு கம்பெனில வெளிய அனுப்பிடுவாங்க. அனு மாசமா இருக்கா ஐயா" என்றான். அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கையெழுத்து நீங்க போட்டது, நான் போடல. அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க" என்றான். மைசூர்பாகை எறும்பு தின்றது.

அதற்கு இரண்டு நாள் கழித்து லட்சுமணன் மறுபடியும் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போனான். வரதன் ஒரு கட்டுக் காகிதம் வைத்தார். எல்லாம் இங்கிலீஷ். கடைசியில் ஒரு முத்திரைத்தாள், அது மட்டும் தமிழ். "இத நான் படிக்கணும்" என்றேன்.

"படிச்சு இன்னா பண்ணப் போறீங்க பெரியவரே, பரீட்சையா வைக்கறாங்க?" என்றார் வரதன்.

"வுடு சார், படிக்கட்டும். இப்பதான் படிச்ச குடும்பம் ஆயிக்கிறோம்" என்றான் லட்சுமணன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அரை மணி நேரம் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. லட்சுமணன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாவலூர் வீடு என் நிலம் விற்ற பணத்தில் வாங்கியது, மகள் பெயர் பேருக்குத்தான், வீடும் வாடகையும் எனக்கே சொந்தம், எனக்குப் பிறகு மகன் லட்சுமணனுக்குப் பாதி என்று இருந்தது. இன்னொரு தடவை படிக்க வேண்டும், அப்புறம் போடுகிறேன் என்றேன்.   வண்டியில் திரும்பும்போது லட்சுமணன், "ஜெயில்ல போட்டா நான்தான் வந்து நிக்கணும். அவ விமானத்துலேர்ந்து கயிறு வுடுவாளா?" என்றான். 

முந்தாநாள் வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் ஏதோ எழுதிப் படிக்கச் சொன்னார். நான் தலை நிமிரவில்லை. அமிர்தவல்லி, "அண்ணனுக்குக் கண்ணும் போயிட்ச்சா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

செல்வி, ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பன்னிரண்டு ரசீதில் என் பெயரை மட்டும்தான் எனக்கு எழுதத் தெரியும். மேலே இருந்ததெல்லாம் எனக்குப் படம் மாதிரி. இப்போது முத்திரைத்தாளில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டேன். படித்த பிறகு கீழே என் பெயரைப் போடக் கை வரவில்லை. ஜெயிலை நினைத்தால் பயம். உன்னை நினைத்தால் அதைவிடப் பயம். பத்தாம் தேதிக்குள் உன் பதில் வருமா?

நைனா


மியூனிக்
7-2-2025

நைனா,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். போனில் சொல்ல முடியாது, அண்ணன் வழியாகத்தான் வரும். டீச்சர் போனுக்கு அனுப்பினால் அது அங்கேயே கிடக்கும். அதனால்தான் காகிதம். கூரியரில் அனுப்புகிறேன், ஐந்தாறு நாளில் கிடைக்கும் என்கிறார்கள். பத்தாம் தேதி தாண்டிவிடும். தாண்டினாலும் சில நாள் பொறுப்பார்கள் என்று விசாரித்துவிட்டேன்.

நைனா, வரதன் சொன்னபடி அந்த ரிட்டர்னில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

எழுதிவிட்டேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டு நான்காவதில் எழுதுகிறேன். வாடகை உங்களுடையது என்று அங்கே இருந்தால், இங்கே நான் இல்லை என்று போட்ட டிக் பொய்யாகாது. உங்களுக்கு வரி வராது. ஆதித்யா வாய் திறக்க மாட்டான். மார்ச் கழியட்டும், விண்ணப்பம் முடியட்டும். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நேராக்கிவிடுகிறேன். எப்படி என்று இப்போது கேட்காதீர்கள்.

முத்திரைத்தாளில் மட்டும் போடாதீர்கள். அண்ணன் ரிட்டர்னை வைத்துக்கொண்டு கேஸ் போட்டால் போடட்டும். வீட்டில் பாதி போனால் போகட்டும். மூன்று நாளாக இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். முதல் நாள் சொல்ல வரவில்லை, இன்று வருகிறது.

கை வரவில்லை என்று நீங்கள் எழுதிய இடத்தைப் படித்தேன். அந்தப் பக்கத்தை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டுத்தான் இதை எழுத முடிந்தது. எனக்காக இந்த ஒரு தடவை. இதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டேன்.

செல்வி


திருக்கழுக்குன்றம்
9-2-2025

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு,

உன் பதில் வரும் என்று மூன்று நாள் தபால் ஆபீஸிலேயே போய் நின்றேன். வரவில்லை. பத்தாம் தேதி நெருங்கிவிட்டது. லட்சுமணன் வெள்ளிக்கிழமை மத்தியானம் செங்கல்பட்டு போகலாம் என்று சொல்லிவிட்டான். அதனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் தனியாகக் கிளம்பி வருமான வரி ஆபீஸுக்குப் போய்விட்டேன். பஸ் மாறி, மூன்று பேரிடம் வழி கேட்டு, பதினோரு மணிக்குச் சேர்ந்தேன்.

கையில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். நோட்டில் நான்கு தடவை எழுதிப் பார்த்து, ஐந்தாவதை நல்ல தாளில் எழுதினேன். அதை உனக்கும் அப்படியே எழுதுகிறேன்.

"ஐயா, நான் தனகோடி. நாவலூர் வீடு என் மகள் தமிழ்ச்செல்வியுடையது. வாடகை அவள் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நான் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. ரசீதில் ஓனர் என்று கையெழுத்துப் போட்டது நான்தான். அது பொய். கையெழுத்துப் போடும் ஆசையில் போட்டேன். வீடு வாங்க நிலம் விற்று ஆறு லட்சம் கொடுத்தேன். அது மகளுக்குக் கொடுத்தது. திரும்பக் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். தண்டனை இருந்தால் எனக்குக் கொடுங்கள்."

ஆறு லட்சத்தை நீ சொல்லக் கூடாது என்றாய். அதை எழுதாமல் விட்டால் பிறகு லட்சுமணன் வேறு மாதிரி எழுதுவான். அதனால் எழுதினேன். உன் ஜெர்மனிப் படிவத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

உள்ளே நுழைந்து தாளை நீட்டினேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மா. தாளைத் திருப்பிப் பார்த்து, "இங்கிலீஷ்ல இல்லியா பெரியவரே?" என்றார். காதைத் தொட்டுக் காட்டினேன். மறுபடியும் கத்திக் கேட்டார்.

"எனக்குத் தமிழே போன வருசந்தாம்மா வந்துச்சு" என்றேன்.

சிரித்துவிட்டார். பிறகு படித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது. உள்ளே எடுத்துப் போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து ஒரு நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். முத்திரைக்குப் பக்கத்தில் என் கையெழுத்து. நன்றாக இருக்கிறது, செல்வி.

"உங்க பொண்ணு எந்த ஊர்ல இருக்காங்க?" என்று கேட்டார். ஜெர்மனி என்றேன். உன் விலாசம் தெரியுமா என்றார். ஒரு தாள் வாங்கிப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷில்! உறை மேல் எழுதி எழுதிக் கைக்கு வந்துவிட்டது. தெரு, வீட்டு எண், ஊர் எண், ஒரு எழுத்தும் தப்பில்லை. அந்த அம்மாவே ஆச்சரியப்பட்டுப் போனார். பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து லட்சுமணனிடம் முத்திரை குத்திய நகலைக் காட்டினேன். "அவ வூட்டுக்கே போ. ஜெர்மனிக்கு நடந்தே போ" என்றான். இரண்டு நாளாக என் பக்கம் திரும்பவில்லை. அம்சா சோற்றை வைத்துவிட்டுப் போகிறாள், சாப்பிடு என்று சொல்வதில்லை. ஆதித்யாவுக்கு இன்னும் தெரியாது. அனு மாசமாக இருக்கிறாள் என்றது மட்டும் என்னை அறுக்கிறது. தெருவில் மோட்டார் சைக்கிள் வருவது காதில் விழாது. அதனால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லையே என்று வருத்தப்படாதே. நீ எவ்வளவு பயந்தாலும் என்னைப் பொய் எழுதச் சொல்ல மாட்டாய். அது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் போனேன்.

அடுத்த வாரத் திங்கட்கிழமை, பதினேழாம் தேதி, மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய அதிகாரி பார்க்க வேண்டுமாம். உன்னைப் பற்றி இன்னும் சில விவரம் கேட்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். என்ன கேட்பார்கள் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. என்ன கேட்டாலும், எனக்குத் தெரிந்ததை நானே எழுதிக் கொடுத்துவிடுவேன். அவர்கள் கேட்டதையும் நான் எழுதியதையும் ஒன்று விடாமல் அந்த வாரமே உனக்கு எழுதுகிறேன்.

உன் நைனா
தனகோடி